நாற்பத்தேழாம் எண் வேண்டாம்

நீதிபதியை வணங்கக் குனிந்தபோது நெவில் பர்டெட் தன் பின்பக்கத்தை மறந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதனுக்கு முன்பக்கத்தைக் கட்டி மேய்ப்பதே பெரும்பாடு. பின்பக்கத்தையும் யார் நினைத்துக்கொண்டிருப்பது? ஆனால் டெரிங்கா நீதிமன்றத்தில் அந்தப் பின்பக்கத்துக்கு நேர் பின்னால்தான் அரசு வக்கீலின் மேசை இருந்தது. மேசை விளிம்பில் கண்ணாடி ஜாடி. ஜாடி நிறையத் தண்ணீர்.

அவர் நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. வழக்குக் கட்டு நனைந்தது, மஞ்சள் குறிப்புத் தாள்கள் நனைந்தன, அரசு வக்கீல் அம்மாளின் கறுப்பு அங்கியின் மடியில் ஒரு சின்னக் குளம் தேங்கியது.

"ஐயையோ, மன்னிச்சுக்கோங்கம்மா!" என்று நெவில் கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவித் துடைக்கத் தொடங்கினார். அவர் முடிதிருத்துபவர். அன்று காலை நீதிமன்றத்துக்குக் கிளம்பும் முன் இரண்டு தலைகளை முடித்துவிட்டு வந்திருந்தார். கைக்குட்டையில் இருந்த முடித் துணுக்குகள் அத்தனையும் ஈரத் தாள்களில் பாந்தமாக ஒட்டிக்கொண்டன. குற்றப்பத்திரிகைக்கு மீசை முளைத்தது.

நீதிமன்றமே சிரித்தது. நீதிபதி கையால் வாயை மூடிக்கொண்டார். நெவில் அரசு வக்கீலிடம் மன்னிப்புக் கேட்டார். எதிர்தரப்பு வக்கீலிடம் கேட்டார். துணி கொண்டு ஓடிவந்த டவாலி பசிலிடம் கேட்டார். தட்டச்சு செய்யும் பெண்ணிடமும் கேட்டார். கடைசியில், குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் உட்கார்ந்திருந்த தெல்மா ரூக்கைப் பார்த்தும் ஒரு புன்னகை செய்து, "உங்களுக்கும் சிரமம் குடுத்துட்டேன்" என்றார். அந்த அம்மாள்கூட லேசாகச் சிரித்தார்.

ஆக, தன் எண்ணான நாற்பத்தேழைக் கூப்பிட்டு ஐந்து நிமிடத்துக்குள் மொத்த நீதிமன்றத்தையும் கையில் போட்டுக்கொண்ட திருப்தியோடு நெவில் ஜூரிப் பெட்டியை நோக்கி நடந்தார். அந்தப் பெட்டிக்கு வழி கூண்டைத் தாண்டித்தான். தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேருக்கான குலுக்கலில் எண் விழுந்தவர் ஒவ்வொருவராகக் கூண்டின் முன்னால் நடந்து போக வேண்டும். உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால், அந்த ஆள் நாற்காலியில் உட்காரும் முன் ஒரே ஒரு சொல் சொல்வார். அப்படி மூன்று பேரைக் கழித்துவிடலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

"சேலஞ்ச்" என்றார் தெல்மா ரூக்.

நெவிலின் பின்பக்கம் நாற்காலியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது.

"நன்றி ஐயா. நீங்கள் போகலாம்" என்றார் நீதிபதி.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இப்போது தரையைப் பார்த்தார்கள். நெவில் வந்த வழியே திரும்பி நடந்தார். அவருக்குப் பதில் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். "ஐம்பத்திரண்டு. வாகன நிறுத்த அபராத அலுவலர்."

ஹில்டா ஸ்ப்ராட் எழுந்தார். டெரிங்காவில் நாய்கூடப் பார்த்து வாலாட்டாத ஒரே மனுஷி. தன் தம்பி கல்யாணத்தன்று தேவாலய வாசலில் மாப்பிள்ளை வண்டிக்கே அபராதச் சீட்டு எழுதியவர். யாரையும் பார்க்காமல், எதையும் தட்டிவிடாமல், கூண்டைத் தாண்டி நேராக நடந்தார். தெல்மா அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

ஒன்றும் சொல்லவில்லை.

ஹில்டா உட்கார்ந்தார்.

*

ஜூரியில் உட்கார வேண்டும் என்பது நெவிலின் ரொம்ப நாள் ஆசை. முன்பு இரண்டு தடவை அழைப்பு வந்தது. ஒரு தடவை குடலிறக்க அறுவை. இன்னொரு தடவை குற்றவாளியே ஒப்புக்கொண்டுவிட்டான். ஊரில் அவருக்கு இருந்த வேலை இரண்டு: முடி வெட்டுவது, சிரிக்க வைப்பது. கால்பந்துக் கழகத்துப் பரிசுக் குலுக்கலா, நெவில். ஓய்வு பெறும் விருந்தா, நெவில். சாவு வீட்டில்கூட, "நெவ், ரெண்டு வார்த்த பேசேன், எல்லாரும் ரொம்ப அழுவுறாங்க" என்பார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, தன்னைப் பார்த்ததும் யாரும் சிரிக்கத் தயாராகாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றிருந்தது அவருக்கு. ஒரு மனுஷியின் தலைவிதியைத் தீர்மானிக்க இவரும் லாயக்கானவர் என்று யாராவது ஒருவர் நினைக்க வேண்டும். அந்த மனுஷியே பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் அது எங்கே போய் இடிக்கும்?

"ஏன் பசில்?" என்று தாழ்வாரத்தில் டவாலியைப் பிடித்துக் கேட்டார். பசிலின் தலையில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்.

"காரணம் சொல்லத் தேவையில்ல நெவ். அதான் சட்டம்."

"சட்டத்தக் கேக்கல. உன்னக் கேக்குறேன்."

"நான் கோர்ட்டுல வேலை செய்யறவன். நான் என்னத்தச் சொல்றது?" என்று பசில் தன் பித்தளைப் பொத்தானைத் துடைத்துக்கொண்டார். "ஜாடியா இருக்கும்."

"ஜாடிக்குத்தான் அந்தம்மாவே சிரிச்சாங்களே!"

"அப்ப ஜாடி இல்ல."

தெல்மாவுக்காக வாதாடும் எதிர்தரப்பு வக்கீல் வாசலில் காபி வண்டியருகே நின்றிருந்தார். நெவில் அவரிடமும் போனார். அந்த இளைஞர் காபிக் கோப்பையைத் தன் முகத்துக்கும் நெவிலுக்கும் நடுவே கேடயமாகப் பிடித்துக்கொண்டு, "சார், வழக்கு நடக்குது. உங்ககிட்ட நான் வானிலை பத்திப் பேசினாக்கூட தப்பு" என்றார்.

"சரி, வானிலை எப்படி?"

"சார், ப்ளீஸ்."

*

மறுநாள் காலைக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கடையைத் திறக்கும்போதே ரயில்வேயில் ஓய்வு பெற்ற அம்ப்ரோஸ் வாசல் பெஞ்சில் காத்திருந்தார்.

"என்னடா நெவ், மாட்டுச் சந்தையில கழிச்ச மாதிரி கழிச்சுட்டாங்களாமே? பல்லப் பாத்தாங்களா, குளம்பப் பாத்தாங்களா?"

"ரெண்டையும் பாத்துட்டுத்தான் வேணாம்னாங்க" என்று நெவில் துணியை உதறினார்.

"அதவிடு, ஹில்டாவ எடுத்திருக்காங்க! ஹில்டாவ! அந்தம்மாவுக்குப் பைத்தியமா? ஜெயிலுக்குப் போகணும்னே நேர்த்திக்கடனா?"

வழக்கு ஊருக்கே தெரிந்ததுதான். தெல்மா ரூக்குக்குக் கிழக்கே பன்யாலாவில் பால் பண்ணை. கணவர் இறந்த பிறகு தனியாக நடத்துகிறார். பக்கத்துப் பண்ணைக்காரர் கார்த் ஆல்சப்போடு வாய்க்கால் தண்ணீருக்காக வருஷக்கணக்கில் சண்டை. போன கோடையில் ஆல்சப்பின் வைக்கோல் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. அன்று சாயங்காலம் தெல்மா வேலியோரம் நின்றதை ஆல்சப்பின் மகன் பார்த்திருக்கிறான். தீ வைத்தது அவர்தான் என்பது அரசு தரப்பு. ஈர வைக்கோலைக் கட்டிவைத்தால் உள்ளுக்குள் புழுங்கித் தானே பற்றிக்கொள்ளும், புகையைப் பார்த்துத்தான் வேலிக்குப் போனேன் என்பது தெல்மாவின் கட்சி. குற்றவாளி என்றால் சிறை. சிறை என்றால் மாடுகளை விற்க வேண்டியதுதான். பால் கறக்க வேறு ஆளில்லை.

"ஆல்சப் ஈர வைக்கோலக் கட்டுற ஆளு இல்ல" என்றார் அம்ப்ரோஸ், சவரக் கத்தி கழுத்தில் இருந்தபோது. "அந்தம்மாதான் வச்சிருப்பா."

"ஆமா, ஆல்சப் விவரமான ஆளுதான்" என்றார் நெவில்.

அம்ப்ரோஸ் எழுந்துகொள்ள, கால்பந்தாட்டக்காரன் லாக்லன் உட்கார்ந்தான். "போன வருஷம் மழை எப்படிப் பெஞ்சுது? எங்கப்பா வைக்கோலே சூடேறி ஆவி வந்துது நெவ் மாமா. தானாத்தான் எரிஞ்சிருக்கும்."

"அதுவும் சரிதான்" என்றார் நெவில். "மழை மழைதானே."

"அப்ப என்னதான் சொல்ற நீ?" என்று பெஞ்சிலிருந்து அம்ப்ரோஸ் கத்தினார்.

"நான் என்ன சொல்றது? எனக்குத்தான் நாற்காலியே குடுக்கலயே."

இரவுச் சாப்பாட்டில் நெவில் மனைவி கோரலிடம் கேட்டார். "என் மூஞ்சியில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. நல்ல மூஞ்சி."

"அப்ப அந்தம்மா ஏன்..."

"பட்டாணிய இப்படித் தள்ளு நெவ்."

"கோரல், முப்பத்தோரு வருஷமா இந்த மூஞ்சியப் பாக்குற. உண்மையச் சொல்லு."

கோரல் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. பிறகு, "சாஸ் ஒட்டியிருக்கு" என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

*

மூன்றாம் நாள் நெவில் கடைக் கதவில் "திரும்பி வருவேன்" பலகையை மாட்டிவிட்டு நீதிமன்றத்துப் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஹில்டாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அரசு வக்கீல் அம்மாள் எழுந்து, தெல்மாவுக்கு ஆல்சப் மேல் எத்தனை கோபம், எத்தனை தடவை மிரட்டினார் என்று அடுக்கினார். சரியாகத்தான் சொல்கிறார் என்று நெவிலுக்குப் பட்டது. வைக்கோல் பரிசோதனை செய்யும் நிபுணர் வந்து, ஈரம் எவ்வளவு இருந்தால் எவ்வளவு சூடேறும் என்று விளக்கினார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. காபிக் கோப்பை இளைஞர் எழுந்து, சாயங்காலத்தில் அவ்வளவு தூரத்திலிருந்து ஆல்சப்பின் மகனால் யாரைத்தான் அடையாளம் கண்டிருக்க முடியும் என்றார். இதில் என்ன சந்தேகம், முடியவே முடியாது.

யாரோ தோளைத் தட்டினார்கள். பசில் குனிந்து காதில் சொன்னார். "நெவ், தலைய ஆட்டாத."

"நான் எங்கடா ஆட்டினேன்?"

"காலையிலேருந்து ஆட்டிக்கிட்டேதான் இருக்க. அந்தப் பக்கம் பேசினா அங்க ஆட்டுற, இந்தப் பக்கம் பேசினா இங்க ஆட்டுற. ஜூரி உன்னயே பாக்குது. நீதிபதி சொல்லி அனுப்பினாரு."

நெவில் இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துக்கொண்டார். ஜூரிப் பெட்டியில் ஹில்டா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கோட்டைத் தாண்டி நிற்கும் வண்டியைப் பார்ப்பது போலவே எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்சப்பை, அரசு வக்கீலை, தெல்மாவை, ஒரு தடவை நீதிபதியையே.

தெல்மா கூண்டில் கைகளைக் கோத்தபடி இருந்தார். காலை மாடு கறந்துவிட்டு நேராக வந்தவர். நல்ல உடுப்புதான், ஆனால் கைவிரல் இடுக்குகள் வறண்டு வெடித்திருந்தன. மணி மூன்றைத் தாண்டினால் ஜன்னல் வழியே வெயிலின் சாய்வைப் பார்ப்பார். மாடுகள் இப்போது வாசற்கதவருகே வந்து நின்று கத்தத் தொடங்கியிருக்கும். அந்தப் பார்வையைக் கண்டதும் நெவிலின் கோபம் எல்லாம் கரைந்துபோயிற்று. வேண்டாம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். மாடுகள் தப்பித்தால் போதும் என்று நினைத்தார். அரை நிமிடம் கழித்து, ஆனாலும் ஏன் வேண்டாம் என்று சொன்னார் என்றும் நினைத்தார்.

*

வாதங்கள் முடிந்து ஜூரி தனியறைக்குப் போனது. அன்று தீர்ப்பு வரவில்லை. மறுநாள் முற்பகலிலும் வரவில்லை. நீதிமன்ற வாசலில் நிழல் மரங்களுக்கு அடியில் பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது. பேக்கரிக்காரர் இறைச்சி அடைத்த அப்பங்களைத் தட்டோடு தூக்கிவந்து விற்க ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானம் ஜூரி ஒரு தாள் அனுப்பியது. ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை என்றார்கள். நீதிபதி அவர்களைக் கூப்பிட்டு, இன்னும் முயன்று பாருங்கள், ஒருவர் சொல்வதை ஒருவர் கேளுங்கள், ஆனால் மனசாட்சிக்கு விரோதமாக யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். பதினொரு முகங்கள் சிவந்திருந்தன. ஹில்டாவின் முகம் மட்டும் வழக்கம்போல ஹில்டாவின் முகமாகவே இருந்தது.

"செத்தாங்க அந்தம்மா" என்றார் அம்ப்ரோஸ் இறைச்சி அப்பத்தைக் கடித்தபடி. "பதினொரு பேரு விடலாம்னு சொல்லியிருப்பாங்க, இவ ஒருத்தி மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிப்பா. பாத்துக்க."

"ஆமா, நிப்பாங்க" என்றார் நெவில். அந்த நாற்காலியில் தான் இருந்திருந்தால் தெல்மா இந்நேரம் வீட்டில் மாடு கறந்துகொண்டிருப்பார் என்று தோன்றியது.

பசில் தேநீர்த் தட்டோடு பின்வாசலில் வந்து நின்றார்.

"என்ன நடக்குது உள்ள?" என்று நெவில் கேட்டார்.

"தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. கதவத் தட்டுறேன், தட்டக் குடுக்குறேன், வாங்குறேன், அவ்வளவுதான்." பசில் தட்டைக் கீழே வைத்தார். "பதினொரு கப்பு காலியா வருது, ஒரு கப்பு மட்டும் நேத்துலேருந்து தொடாமலே வருது. நான் ஒண்ணும் சொல்லல. கப்பு சொல்லுது."

நாலு மணிக்குச் சற்று முன் கதவு திறந்தது.

"குற்றவாளி இல்லை" என்றார் ஜூரியின் தலைவர், தொண்டை கட்டிய குரலில்.

தெல்மா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நீதிபதி விடுதலை என்று முறைப்படி சொல்லி முடித்ததும், "போகலாங்களா? மாடு கறக்கணும்" என்று கேட்டார். இந்தத் தடவை நீதிபதி வாயை மூடிக்கொள்ளாமலே சிரித்தார்.

மறுநாள் காலை ஹில்டா முக்கியத் தெருவில் மறுபடி சீருடையில் நடந்துகொண்டிருந்தார். நெவில் கடையிலிருந்து ஓடி வந்தார்.

"ஹில்டா, ஒரே ஒரு கேள்வி. உள்ள என்னதான் ஆச்சு? யாரு எந்தப் பக்கம்?"

"சொன்னா சட்டப்படி குத்தம்."

"பேரு சொல்ல வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க."

"நான் தலைய ஆட்டுறதில்ல மிஸ்டர் பர்டெட்." ஹில்டா பேனாவை எடுத்தார். "இது உங்க வண்டியா? பின் சக்கரம் கோட்டுக்கு வெளிய இருக்கு."

*

பத்து நாள் கழித்து, கடையில் யாரும் இல்லாத ஒரு பிற்பகலில் தெல்மா ரூக் உள்ளே வந்தார். வாசலில் ரப்பர் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒட்ட வெட்டிடுங்க. கண்ணுல விழுது. எட்டு மாசமா வக்கீலும் கோர்ட்டுமா அலைஞ்சதுல இதுக்கு நேரமில்ல."

நெவில் துணியைப் போர்த்தினார். கழுத்தில் கட்டினார். சீப்பை எடுத்தார். வழக்கமாக இந்த இடத்தில் வரும் மாட்டு ஜோக் ஒன்று அவரிடம் இருந்தது, அது வரவில்லை.

"மாடெல்லாம் நல்லா இருக்குங்களா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குங்க."

வெட்டத் தொடங்கினார். நரைத்த முடி துணியில் விழுந்தது. நெவில் கத்தரியை நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கலாங்களா? எல்லாரையும் கேட்டுட்டேன், ஒருத்தரும் சொல்லல. நான் ஜாடியத் தட்டினதுனாலயா?"

தெல்மா கண்ணாடி வழியே அவரைப் பார்த்தார். யோசித்தார். மழுப்பும் பழக்கம் இல்லாத முகம் அது.

"இல்லைங்க. ஜாடியத் தட்டினப்ப எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருந்துது. எட்டு மாசத்துல அன்னைக்குத்தான் சிரிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க மன்னிப்புக் கேட்டீங்க. அந்தத் தட்டச்சுப் பொண்ணு வரைக்கும் ஒருத்தர விடல. அந்த ரூம்புல ஒருத்தருக்குக்கூட உங்க மேல மனத்தாங்கல் இருக்கக் கூடாதுன்னு தவிச்சீங்க. நான் உட்பட. நான் நெனச்சேன், இந்த மனுஷன் நல்ல மனுஷன். என்னோட உக்காந்து டீ குடிக்க இவரத்தான் கூப்பிடுவேன். ஆனா உள்ள பதினொரு பேரு சேந்துக்கிட்டு, 'அவதான் செஞ்சா, வாங்க வீட்டுக்குப் போலாம்'னு சொன்னா, இவரு எனக்காக மொறச்சுக்கிட்டு 'இல்ல'ன்னு நிப்பாரா? நிக்க மாட்டாரு. மனசு ஒடிஞ்சுதான் ஒத்துக்குவாரு, ஆனா ஒத்துக்குவாரு. எனக்கு ஊரே வெறுத்தாலும் கவலப்படாத ஒரு ஆள் வேணும்னு இருந்துது."

நெவில் சீப்பில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டார்.

"சரியாத்தாங்க சொல்றீங்க" என்றார்.

"பாத்தீங்களா?" என்றார் தெல்மா, கண்ணாடியில். "இதுக்காவது இல்லன்னு சொல்லியிருக்கலாமே."